மனம் கனக்கும்போது ஒரு கட்டன் டீ

இரவெல்லாம் ஏதோ கவலையில் புரண்டு படுத்த நாளில், விடிந்ததும் நான் போனைத் தொடுவதில்லை. பால் சேர்க்காத கட்டன் டீக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தூளைப் போட்டதும் அவசரப்பட்டு வடிகட்டாதீர்கள். மூடி வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், சாறு நன்றாக இறங்கும். அந்த ஐந்து நிமிடமும் பக்கத்திலேயே சும்மா நில்லுங்கள். எனக்குப் பாதி பாரம் அங்கேயே குறைந்துவிடுகிறது.

அப்புறம் டம்ளரோடு வாசலுக்கு வந்து, எதிரே தெரியும் ஒரே ஒரு செடியைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே தேயிலைத் தோட்டம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய புதிதில் வெறும் குச்சிகள்தான், பார்க்கவே மனசு கலங்கும். இரண்டு மூன்று மாதத்தில் அதே குச்சியில் இளந்தளிர் நிற்கும். அப்பா இறந்த வருடம் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொன்ன ஆறுதலும் அந்த அளவுக்கு என்னைத் தொடவில்லை.

சரி, உங்கள் வீட்டெதிரே தேயிலை இல்லையா? தொட்டியில் கிளை வெட்டிவிட்ட ஒரு ரோஜா போதும். எங்கள் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். உங்கள் ஊரிலும் குளிர் என்றால், காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு உட்காருங்கள்.