டி850 கையில் வந்தாச்சு, முதல் நாள் என்ன செய்வது?

எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) ஓடிக்கொண்டிருப்பதால் நிகான் டி850 மாதிரி புரோ பாடிகள் செகண்ட் ஹேண்டில் ஓரளவு கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. 2017-இல் வந்த கேமராதான், ஆனாலும் 45.7 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார் இன்றைக்கும் சோடை போகாது. வாங்கினவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இதுல ஆட்டோ மோடு எங்க?" என்பதுதான். கிடையாது. சீன் மோடும் கிடையாது, பாடிக்குள் ஃப்ளாஷும் கிடையாது. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் விரலாலேயே எல்லாவற்றையும் மாற்றுகிறவர்களுக்காகச் செய்த கேமரா இது. அதனால் மெனுவை அப்புறம் பார்ப்போம், முதலில் பட்டன்கள்.

படி 1: பழைய ஓனரின் செட்டிங்கைத் துடையுங்கள்

குவால் (படத்தின் தரம்) பட்டன், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) பட்டன் இரண்டின் பக்கத்திலும் சின்னதாகப் பச்சைப் புள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஷூட்டிங் செட்டிங்குகள் கம்பெனி வைத்த நிலைக்கு வந்துவிடும். கஸ்டம் செட்டிங்ஸை மட்டும் மெனுவில் தனியாக ரீசெட் செய்ய வேண்டும். அப்படியே ஒரு ஜேபெக் எடுத்து, எக்சிஃப் தகவலில் (படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரம்) ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எடுத்த கிளிக், எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். இந்த ஷட்டரை 2,00,000 கிளிக் வரை சோதித்திருப்பதாக நிகான் சொல்கிறது, அதைத் தாண்டினால் மறுநாளே படுத்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் விலை பேச உதவும்.

படி 2: விரலுக்குப் பழக்கம்

இடது தோளில் நான்கு பட்டன்கள். அதில் மோடு பட்டனை அழுத்திக்கொண்டு பின்பக்க டயலைச் சுற்றினால் பி, எஸ், ஏ, எம் என்று மாறும். ஏ-யில் விடுங்கள். அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவு) நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அந்தப் பட்டன்களுக்குக் கீழே இருக்கும் வளையம்தான் சிங்கிள் (ஒரு படம்), பர்ஸ்ட் (தொடர் படங்கள்) எல்லாம் மாற்றுவது. அதற்கு ஒரு லாக் உண்டு, அதை அழுத்தாமல் முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். இருட்டில் பட்டன் தெரியவில்லையா? ஆன் ஸ்விட்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், பட்டன்களே வெளிச்சமாகும்.

படி 3: ஆட்டோ ஐஎஸ்ஓ

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) பட்டன் ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்பக்க டயலைச் சுற்றினால் ஆட்டோ ஐஎஸ்ஓ வரும் போகும். அதிகபட்சம் 6400 என்று வையுங்கள், போதும். 45 மெகாபிக்சலில் கை நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும், 50 எம்எம் லென்ஸுக்கு 1/50 விநாடி ஷட்டர் வேகம் போதும் என்ற பழைய கணக்கு இங்கே எடுபடாது. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை ஆட்டோவில் வைத்து, அதிலேயே ஒரு படி வேகமாக என்று கொடுத்துவிடுங்கள்.

படி 4: ஃபோகஸ் (நிதானமாகப் படிக்க வேண்டியது இதுதான்)

காசு கொடுப்பது முக்கால்வாசி இதற்குத்தான் என்பது என் கட்சி. 153 ஃபோகஸ் பாயிண்ட், அதில் 99 கிராஸ் டைப், அதாவது நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு இரண்டையும் பிடிக்கக்கூடியவை. நாமே தேர்ந்தெடுக்க முடிவது 55. லென்ஸ் மவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல், அதன் நடுவில் ஒரு பட்டன் இருக்கும். அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு பின் டயலைச் சுற்றி ஏஎஃப்-சி-க்கு (தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸ்) வாருங்கள், முன் டயலைச் சுற்றி சிங்கிள் பாயிண்ட்டுக்கு வாருங்கள். பறவை எடுக்கப் போனால் குரூப் (சில பாயிண்ட்கள் சேர்ந்து ஃபோகஸ் செய்வது).

இனி பேக் பட்டன் ஃபோகஸ். கஸ்டம் செட்டிங்ஸில் ஏஎஃப் ஆக்டிவேஷன் என்பதை 'ஏஎஃப்-ஆன் மட்டும்' என்று மாற்றிவிட்டால், ஷட்டர் பட்டன் படம் மட்டும் எடுக்கும், ஃபோகஸ் உங்கள் கட்டைவிரலுக்குப் போய்விடும். ஓடிவருகிற குழந்தையா, ஏஎஃப்-ஆன் பட்டனை அழுத்தியபடியே இருங்கள், ஃபோகஸ் கூடவே வரும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவா, ஒரு முறை அழுத்திவிட்டு விரலை எடுங்கள், ஃபோகஸ் அங்கேயே நிற்கும், ஃபிரேமை லேசாக மாற்றிக்கொள்ளலாம். கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். எஃப் 1.8-இல் கிட்டத்தில் நின்று முகத்தை எடுத்தால் கண் இமை ஒவ்வொன்றாகத் தெரியும், காது கரைந்துபோயிருக்கும். அதனால் பின்பக்கத்துக் குட்டி ஜாய்ஸ்டிக்கால் பாயிண்ட்டைக் கண்மேலேயே கொண்டுபோய் வையுங்கள்.

அப்படி வைத்தும் கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக வருகிறதா? லென்ஸ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள இந்த மாதிரிக் கேமரா) ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறது, படம் பிடிக்கும் சென்சார் வேறு. இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் இப்படி ஆகும். டிரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுப்பது) நடுப் பாயிண்ட்டால் ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோடு பட்டனையும் (அந்த நெம்புகோல் நடுவில் இருப்பது) வீடியோ ரெக்கார்டு பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்துங்கள். அந்த லென்ஸுக்கான திருத்தத்தைக் கேமராவே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இந்தப் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸும் ஆட்டோஃபோகஸ் ஆகும். ஆரம்பநிலை நிகான்களில் ஆகாது.

படி 5: கார்டு, வேகம்

ஒரு ஸ்லாட் எக்ஸ்க்யூடி (வேகமான ஒரு வகை மெமரி கார்டு), இன்னொன்று எஸ்டி. ஃபர்ம்வேரை அப்டேட் செய்தால் எக்ஸ்க்யூடி ஸ்லாட்டில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டும் போடலாம். 14 பிட் ராவ் (சென்சார் தகவலை அப்படியே வைக்கும் ஃபைல்) ஒன்றே 50 எம்பி-யைத் தொடும், ஆகவே ராவை எக்ஸ்க்யூடிக்கும் ஜேபெக்கை எஸ்டிக்கும் பிரித்து அனுப்புங்கள். வீட்டு விசேஷத்துக்கு ஜேபெக் மட்டுமே தாராளம், லேப்டாப் உங்களை வாழ்த்தும்.

விநாடிக்கு 7 படம். கிரிப் (அடியில் மாட்டும் பேட்டரிப் பிடி) போட்டால் 9 என்று சொல்லி விற்பார்கள். எம்பி-டி18 கிரிப்போடு நிகானின் டி5 கேமராவில் போடும் இஎன்-இஎல்18 வகை பெரிய பேட்டரியும் வேண்டும், சாதாரண பேட்டரியைப் போட்டால் எடை மட்டும்தான் கூடும். ஏற்கெனவே பாடியே ஒரு கிலோ.

எல்லாம் முடிந்ததும் செட்டப் மெனுவில் சேவ்/லோட் செட்டிங்ஸ் போய் மொத்தத்தையும் கார்டில் எழுதி, அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வையுங்கள். கார்டை ஃபார்மேட் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.