அன்றாட மன அழுத்தத்தைக் குறைக்க முழுக்கவனப் பயிற்சி

முழுக்கவனப் பயிற்சியைத் தொடங்குகிறவர்களில் பலர் சில நாட்களிலேயே அதைக் கைவிடுவதற்குக் காரணம், மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு உட்காருவதுதான். மனம் அப்படி வெறுமையாவதில்லை. இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பெழுதாமல் கவனிப்பதும், கவனம் விலகிப்போனால் அதைத் திரும்ப அழைத்து வருவதும் மட்டுமே இந்தப் பயிற்சியில் நாம் செய்ய வேண்டியவை. பௌத்த மரபில் நெடுங்காலமாக இருந்துவரும் தியான முறைகளிலிருந்து எடுத்து, சமயச் சார்பற்ற எட்டு வாரப் பயிற்சியாக இதற்கு வடிவம் கொடுத்தவர் ஜான் கபாட்-ஜின். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவர் அதைத் தொடங்கினார். இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததே.

மன அழுத்தம் உடலில் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கடுமையான ஒரு சொல்லைக் கேட்டதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. ஆபத்து நீங்கியதும் இவை தாமாகவே தணிந்துவிட வேண்டும். ஆனால், நடந்து முடிந்ததையே மனம் இரவு வரை அசைபோட்டுக்கொண்டிருந்தால், உடலும் அந்தச் சண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் வெவ்வேறு நேரங்களில் கைபேசி வழியாக விசாரிக்கப்பட்டவர்கள், ஏறத்தாழ 47 சதவீத வேளைகளில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்ததாகவும், அந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாக இருந்ததாகவும் தெரிவித்தனர்.

முதலில் அடிப்படைப் பயிற்சி. நாளில் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் போதும். நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படியும்படி அமர்ந்து, முதுகை விறைப்பின்றி நிமிர்த்தி, கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூடுவது சங்கடமாக இருந்தால் பார்வையைத் தாழ்த்தித் தரையில் வைத்தால் போதும். மூச்சு உங்களுக்கு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ, அது மூக்கின் நுனியோ, மார்போ, வயிறோ, அந்த ஓரிடத்தில் கவனத்தை நிறுத்துங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவோ சீராக்கவோ முயல வேண்டாம். சற்று நேரத்தில் மனம் நாளைய வேலைக்கோ, நேற்றைய பேச்சுக்கோ போய்விடும். போய்விட்டது என்று உங்களுக்குத் தெரிகிற அந்தக் கணம்தான் பயிற்சியின் மையம். சலித்துக்கொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு வாருங்கள். ஐம்பது முறை விலகி ஐம்பது முறை திரும்பினாலும் அது நன்றாகச் செய்த பயிற்சியே. (எத்தனை முறை விலகினோம் என்று கணக்கு வைப்பது இன்னொரு கவலைக்கு இடம்கொடுப்பதாகும்.)

நாள் முழுவதும் உழைப்பில் கழியும்போது இந்தப் பத்து நிமிடம் எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்கலாம். அழுத்தம் ஏறத் தொடங்குவதை முன்பைவிடச் சீக்கிரம் அடையாளம் காண்பதில்தான் அதன் பயன் தெரியும் என்பது என் கருத்து. மேலதிகாரியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்து முடிப்பதற்குள்ளாகவே கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும், தோள்கள் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும், உள்ளே போன மூச்சு பாதியில் நின்றிருக்கும். இவற்றுள் உங்கள் உடல் முதலில் காட்டும் அறிகுறி எது என்பதை ஒரு வாரம் கவனித்து வாருங்கள். சிலருக்கு அது வயிற்றில் ஒரு பிசைவாக இருக்கும், சிலருக்குக் காது மடல் சூடாகும். இதைக் கண்டுபிடிக்க, படுத்த நிலையில் கால்விரல் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்திச் செல்லும் பயிற்சி பெரிதும் உதவும். இருபது நிமிடம் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம்.

அறிகுறி தென்பட்டதும் கைபேசியைக் கீழே வையுங்கள். எழுந்த உணர்ச்சிக்கு மனத்துக்குள் ஒரே சொல்லில் பெயரிடுங்கள்: எரிச்சல், பயம், அவமானம். உணர்ச்சிக்குப் பெயரிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதாக மேத்யூ லிபர்மன் குழுவினரின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிறகு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி மூன்று நான்கு மூச்சு விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. மூச்சின் போக்கை மாற்றுவதால் இது கண்டிப்பான பொருளில் முழுக்கவனப் பயிற்சி ஆகாது என்றாலும், அந்த நேரத்தில் உதவுவதை இலக்கணம் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை. பதில் எழுதுவதை அதன் பின்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவுதல், படியேறுதல், கதவைத் திறத்தல் போன்று அன்றாடம் செய்கிற ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் முழுக் கவனத்தோடு செய்யப் பழகுவதும் நல்லது. ஒன்று போதும், எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முனைந்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும்.

இதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். 47 சோதனைகளையும் 3,500-க்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான தொகுப்பாய்வு, தியானப் பயிற்சிகளால் பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதைக் கண்டது. உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற வழிகளைவிட அவை மேலானவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருவர் செய்ய வேண்டிய வேலை ஒருவர் தலையில் விழுந்திருந்தால், மூச்சைக் கவனிப்பதற்கு முன் அந்த வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே முறை.

மூச்சைக் கவனிக்கும்போது படபடப்பு கூடுகிறவர்கள், பாதங்கள் தரையில் பதிந்திருக்கும் உணர்வையோ சுற்றிலும் கேட்கும் ஒலிகளையோ பற்றிக்கொள்ளலாம். கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குக் கண்களை மூடி அமைதியாக அமர்கையில் பழைய நினைவுகள் திடீரென மேலெழக்கூடும். அவர்கள் தனியாக முயலாமல், அனுபவமுள்ள மனநல வல்லுநரின் துணையோடு தொடங்குவதே பாதுகாப்பானது. தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பயிற்சியைத் தொடர்ந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.