கிராம சபையில் பேசினால் மட்டும் போதாது, தீர்மானமாக எழுத வையுங்கள்

நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று வலை பின்னுகிற இடத்திலும் டீக்கடையிலும் நாள் முழுக்கப் பேசுகிறோம், ஆனால் கிராம சபைக்குப் போகிறவர்கள் கொஞ்சம்தான். போகிறவர்களும் சத்தமாகப் பேசிவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறாத பேச்சு, ஒன்றிய அலுவலகத்தைப் பொறுத்தவரை நடக்காத பேச்சு.

முதலில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பாருங்கள். தங்கச்சிமடம், பாம்பன், தேவிபட்டினம், ஏர்வாடி எல்லாம் கிராம ஊராட்சி, அங்கே கிராம சபை உண்டு. மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி, ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி. அங்கே இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்து, நகரப் பக்கத்தில் கிராம சபை மாதிரி நடக்கிற பகுதி சபை எப்போது என்று கேளுங்கள். கீழே சொல்வது பெரும்பாலும் ஊராட்சிக்காரர்களுக்கு.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை நடக்கும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், யாரும் அழைக்க வேண்டியதில்லை. இதில் நம் கடற்கரைக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று மே 1. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மற்ற நாளில் கடலில் இருக்கிற ஆண்களும் அப்போது கரையில் இருப்பார்கள். இன்னொன்று அக்டோபர் 2. அடுத்த வருடத்துக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது, வாய்க்கால், சாலை, சுடுகாட்டுப் பாதை மாதிரி பணம் தேவைப்படுகிற வேலையை அன்றைக்கே சொன்னால்தான் திட்டத்தில் இடம் கிடைக்கும். வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் போய்க் கேட்டால் நிதி ஒதுக்கவில்லை என்றுதான் பதில் வரும்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஊர்க்கூட்டம் போடுங்கள். நம் பக்கம் ஊர்த்தலைவர், ஜமாஅத், கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி என்று முடிவெடுக்க ஏற்கெனவே இடம் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அந்த முடிவை அரசு பதிவேடாக எடுத்துக்கொள்ளாது. அதில் பெரும்பாலும் பெண்கள் பேசவும் இடமில்லை. தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கித் தண்ணீருக்கு அலைவது அவர்கள், பாசி எடுக்கவும் மீன் விற்கவும் போகிறவர்களும் அவர்கள். அவர்கள் சொல்லாமல் எழுதுகிற தண்ணீர்த் தீர்மானம் பாதித் தீர்மானம்தான். மகளிர் குழுக்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களையே எழுந்து பேச வையுங்கள். கோரிக்கை ஒன்றிரண்டு போதும்.

எப்படி எழுதுவது? “குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்” என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பு வராது. எந்தத் தெரு, எந்தக் குழாய், எப்போதிலிருந்து வரவில்லை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். காவிரி கூட்டுக் குடிநீர் நம் ஊர்த் தொட்டி வரைக்கும் வந்து சேருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை, தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சியின் வேலை. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, அவரவருக்குத் தனித்தனித் தீர்மானமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார்.

கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையும் பாருங்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

கூட்டத்தன்று வரவு செலவுக் கணக்கை முதலில் கேளுங்கள், எல்லாரும் பார்க்கிற மாதிரி பேனரில் வைத்திருக்க வேண்டும். அப்புறம் உங்கள் தீர்மானத்தை எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த வாசகம்தானா, தேதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாத வெறும் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் அரசு போடுகிற தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த பிறகு நம் மாவட்டத்திலும் அப்படித்தான் ஆனது, அதனால் கிராம சபையின் உரிமை ஒன்றும் குறையாது.

சரி, எழுதியும் வேலை நடக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அந்தத் தீர்மானத்தின் நகலையும், அதன் மேல் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிடைத்த நகலை இணைத்து, திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.