மூன்று நாள் தெரியாமலிருந்த என் நெட்வொர்க்

ரேடியோ அலை வெளியேறாத மறைப்புப் பெட்டிக்குள், ஆஸ்மோகாம் என்ற திறமூல மென்பொருளால் நான் அமைத்த ஜிஎஸ்எம் (2ஜி கைப்பேசி) நிலையத்தைக் கைப்பேசி மூன்று நாட்களாகக் கண்டுகொள்ளவே இல்லை. ஆண்டெனாவையும் சிம்மையும் மாற்றினேன், கெயினை (சிக்னல் பெருக்கத்தை) ஏற்றி இறக்கினேன், பயனில்லை. ஸ்பெக்ட்ரம் திரையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலை உரிய இடத்தில் இருப்பதுபோலவே தெரிந்ததுதான் என்னை ஏமாற்றியது. மலிவு என்று வாங்கிய எஸ்டிஆர் (மென்பொருள்வழி ரேடியோ) பலகையில் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் கடிகாரத்தின் பிழை 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), அதாவது 900 மெகாஹெர்ட்ஸில் 18 கிலோஹெர்ட்ஸ் விலகல். ஜிஎஸ்எம் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்டதோ 0.05 பிபிஎம், வெறும் 45 ஹெர்ட்ஸ். நல்லவேளையாக அந்தப் பலகையில் வெளிக் கடிகார உள்ளீடு இருந்தது (இனிப் பலகை வாங்கினால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்). ஜிபிஎஸ் வழி சீராக்கப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை இணைத்தும் மாற்றமில்லை. பலகையை இயக்கும் ஆஸ்மோ-டிஆர்எக்ஸ் நிரலின் அமைவுக் கோப்பில் கடிகார மூலம் இன்னும் உள்கடிகாரமாகவே இருந்தது. அதை வெளிக்கடிகாரமாக மாற்றி மறுபடி இயக்கியதும், கைப்பேசித் திரையில் 001 01 என்ற சோதனை நெட்வொர்க் தெரிந்தது.