‘சொல்’, ‘பேசு’: இரண்டு தமிழ் வினைகளும் நான்கு ஆங்கிலச் சொற்களும்

நான் திருத்திய விடுப்புக் கடிதம் ஒன்றில் ‘த டாக்டர் ஸெட் மீ டு டேக் ரெஸ்ட்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, காலமும் சரிதான். ஆனால் ‘ஸெட்’ நிற்கும் இடத்தில் ‘டோல்ட்’ நின்றிருக்க வேண்டும். ஸே, டெல், ஸ்பீக், டாக் ஆகிய நான்குக்கும் அகராதிகள் சொல், கூறு, பேசு என்றே மாறி மாறிப் பொருள் தருவதால், அகராதியை மட்டும் நம்பி இவற்றைப் பிரித்தறிவது கடினம். தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்கினால் வேலை எளிதாகிவிடும்.

முதல் படி: எழுத நினைப்பதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வினைக்கு முன்னால் ‘என்று’ இயல்பாக வருகிறதா? ‘மழை வரும் என்று சொன்னார்’ என்கிறோம். ‘மழை வரும் என்று பேசினார்’ என்பது நெருடுகிறது. சொல்லப்பட்ட செய்தி முக்கியமாக இருந்தால் உங்களுக்குத் தேவை ஸே அல்லது டெல். பேசுகிற செயலே முக்கியமாக இருந்தால் ஸ்பீக் அல்லது டாக்.

இரண்டாம் படி: ‘சொல்’ என்று முடிவாகிவிட்டால், கேட்டவர் யார் என்பது வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸே: ‘ஷீ ஸெட் தட் த பஸ் வாஸ் லேட்.’ இருந்தால் டெல்: ‘ஷீ டோல்ட் மீ தட் த பஸ் வாஸ் லேட்.’ நம்மவர்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். தமிழில் ‘என்னிடம் சொன்னாள்’, ‘எனக்குச் சொன்னாள்’ என்று வேற்றுமை உருபு ஒட்டியே பழகியிருப்பதால், அந்த உருபுக்கு ஈடாக ஒரு ‘டு’ வேண்டும் என்று மனம் தேடுகிறது. ‘டோல்ட் டு மீ’ என்ற பிழை அப்படித்தான் பிறக்கிறது. டெல்லுக்குப் பின் ஆள் நேராக வந்து உட்காருவார். ஸேயோடு ஆளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அங்கே ‘டு’ கட்டாயம்: ‘ஷீ ஸெட் ஹலோ டு மீ.’

மூன்றாம் படி: ‘வரச் சொன்னார்’, ‘ஓய்வெடுக்கச் சொன்னார்’ என்பவை போன்ற ஏவல் வாக்கியங்களில், ஏவப்பட்ட ஆளைக் குறிப்பிடும்போது டெல்லைப் பயன்படுத்துங்கள். ‘த டாக்டர் டோல்ட் மீ டு டேக் ரெஸ்ட்’ என்பதே அந்த மாணவர் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம்.

நான்காம் படி: கேட்பவரே இல்லாமலும் டெல் வரும் சில தொடர்களைப் பழகிக்கொள்ளுங்கள். உண்மை, பொய், கதை, நகைச்சுவைத் துணுக்கு ஆகியவற்றுக்கு டெல்தான். ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’ என்பார்களே தவிர, ‘ஸே எ லை’ என்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது ‘டெல் த டைம்’. இவற்றை மனப்பாடம் செய்யும்படி பலர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கோ அச்சொல்லின் வேரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இவை மனத்தில் நின்றன. கி.பி. 1100-க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் டெல்லின் முன்வடிவம் எண்ணுதல் என்ற பொருளையும் தந்தது. வங்கியில் பணத்தை எண்ணி வாங்குபவரும் கொடுப்பவரும் ‘டெல்லர்’ எனப்படுவது அதனால்தான். நாம் நாளும் சொல்லும் ஏ.டி.எம். என்பதன் நடு எழுத்தும் அந்த டெல்லரே. ‘மொத்தம் எண்ணிப் பார்த்தால்’ என்பதற்கு இன்றும் ‘ஆல் டோல்ட்’ என்கிறார்கள். கதை சொல்வதையும் நடந்தவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணி வைப்பதாக நினைத்துக்கொண்டால், அதற்கு ஏன் டெல் வருகிறது என்பது விளங்கும்.

ஐந்தாம் படி: ‘பேசு’ என்று முடிவானால், மொழியைப் பற்றிய பேச்சா என்று முதலில் பாருங்கள். ‘ஐ ஸ்பீக் தமிழ்’ என்பதே முறை. இங்கே டாக் வராது. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பதும், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ‘மேலாளரிடம் பேசலாமா’ என்று மரியாதையாகக் கேட்பதும் பெரும்பாலும் ஸ்பீக். திண்ணையில் இருவர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பது டாக். பல இடங்களில் இரண்டில் எது வந்தாலும் பிழையாகாது, தொனிதான் மாறும் என்பதால் இதற்காக அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதற்கு ‘டாக்ட் அபவுட்’ சரி. அதே பழக்கத்தில் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், டிஸ்கஸுக்கு ‘அபவுட்’ தேவையில்லை.

ஆறாம் படி: பின்வரும் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘அப்பா என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார்.’ ‘அவள் ஒன்றும் சொல்லவில்லை.’ ‘அவர்கள் இரவு முழுவதும் பேசினார்கள்.’ முதல் வாக்கியத்துக்கு டோல்ட், இரண்டாவதற்கு ஸே, மூன்றாவதற்கு டாக்ட். இரண்டாவதில் ‘என்னிடம்’ என்ற சொல்லைச் சேர்த்தால் விடை இரண்டு வகையில் அமையும்: ‘ஷீ டிடிண்ட் டெல் மீ எனிதிங்’ என்றால் செய்தியை எனக்குத் தெரிவிக்கவில்லை என்று பொருள், ‘ஷீ டிடிண்ட் ஸே எனிதிங் டு மீ’ என்றால் என்னைப் பார்த்து வாயே திறக்கவில்லை என்றும் ஆகலாம்.