நீந்தி வந்தபின் தும்மலா? மூக்கைக் கழுவும் முறை

ஊட்டிக் குளிரில் நான் நீந்துவது நான்கு சுவருக்குள் இருக்கும் வெந்நீர்க் குளத்தில். நீந்திய நாளெல்லாம் இரவு பத்து மணி வரை தும்மல். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். பனிமேல் பழி போட்டது தவறு. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகிறது. மூடிய கூடத்தில் நீர்ப்பரப்பின் மேலேயே தங்கி மூக்கை அரிக்கிறது. மருந்து வாடை தூக்கலாக இருந்தால் குளம் சுத்தம் என்று பொருளல்ல. அன்று நான் டிக்கெட் எடுப்பதில்லை.

இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மூக்கு கிளிப் வாங்கினால் கயிறு கோத்ததாக வாங்குங்கள். கயிறில்லாத இரண்டைக் குளத்துக்குக் காணிக்கை கொடுத்துவிட்டேன். கிளிப் பிடிக்காதவர்கள் தலை நீருக்குள் இருக்கும்வரை மூக்கால் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரையேறியதும் ஒவ்வொரு துளையாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திச் சிந்தினால் காது அடைக்கும்.

இனிதான் நான் சறுக்கிய இடம். முதல் நாள் உப்பே போடாமல் குழாய்த் தண்ணீரை மூக்கில் ஊற்றி, மிளகாய் ஏறியதுபோல் துடித்தேன். லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருந்தால் எரியாது. உடம்பின் உப்புச் செறிவும் ஏறக்குறைய அதுவே. அளக்கச் சோம்பலா? மூக்குக் கழுவவென்றே மருந்துக் கடையில் விற்கும் உப்புப் பொட்டலம் வாங்குங்கள், என் ஓட்டு அதற்குத்தான். கொதித்து ஆறி, வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் கரையுங்கள். கொதிக்காத நீர் வேண்டாம். அபூர்வமாக, மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியே ஏறலாம்.

தொட்டிமேல் குனிந்து தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல்துளையில் ஊற்றினால் கீழ்த்துளை வழியே வந்துவிடும். முடிந்ததும் சிறிது நேரம் தலையைத் தொங்கவிட்டு மிச்சத்தை வடியுங்கள். நான் வடிக்கவில்லை. அரை மணி கழித்து ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் ஷூ நாடா கட்டக் குனிந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கிலிருந்து கொடகொடவென்று ஷூமேல் கொட்டியது. பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார்.

வெளியே வரும்போது மூக்கை மஃப்ளரால் மூடுங்கள். குளிர்காற்று பட்டாலே சிலருக்குத் தும்மல் வரும்.

பின்சேர்க்கை: "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?" என்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டார். ஒரு நிமிடம் போதும். ஆனால் 6,500 அடிக்கு (சுமார் 1,980 மீட்டர்) மேல் மூன்று நிமிடம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், தப்பித்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே ஊட்டிக்காரர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டே ஆறவிடுங்கள்.