அடுத்த கீமோ தேதிவரை: சிகிச்சைக் காலத்தில் ஆட்களையும் பணத்தையும் திரட்டுவது எப்படி

புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே சுற்றியிருப்பவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்: "மனசைத் திடமா வெச்சுக்கோ, பாதி நோய் போயிடும்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அழுகை வரும் நாளில், இந்த அழுகையே நோயை வளர்த்துவிடுமோ என்ற பயத்தையும் அது சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அழலாம், பயப்படலாம். அதனால் சிகிச்சை கெட்டுப்போகாது.

நம்பிக்கையைத் தாங்குவது ஏற்பாடுதான். அடுத்த கீமோவுக்கு யார் கூட வருகிறார், பணம் எதிலிருந்து, ராத்திரியில் காய்ச்சல் அடித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பது தெரிந்திருந்தால் அன்றைக்குத் தூக்கம் வரும். மொத்த ஆறு மாதத்தையும் ஒரே நாளில் சுமக்க வேண்டாம். அடுத்த தேதிவரை பார்த்தால் போதும்.

முதலில் ஒரு காலண்டர் போடுங்கள். பல கீமோ முறைகள் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை வரும். ரேடியேஷன் பெரும்பாலும் வாரத்தில் 5 நாள். மூன்று வாரச் சுழற்சியென்றால் உதவி எந்த நாளில் தேவைப்படும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். கீமோவோடு ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் முதல் ஓரிரு நாள் தெம்பாக இருப்பார்கள். சொந்தக்காரர்கள் அப்போது வந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கார்" என்று கிளம்பிவிடுவார்கள். ஸ்டீராய்டு நின்றபின், ஏறக்குறைய 3 முதல் 5-ம் நாளில், உடம்பும் மனசும் ஒருசேரத் தளரும். ஆள் தேவைப்படுவது அப்போதுதான். 7 முதல் 14-ம் நாளுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது வழக்கம். அந்த வாரத்தில் சளி, இருமல் உள்ள எவரும் வீட்டுக்குள் வரக்கூடாது, எவ்வளவு நெருங்கிய உறவானாலும். 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் மருத்துவமனையை உடனே அழையுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று உள்ளே வளரும்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் ஓர் உதவிக் குழு. ஆறேழு பேர் போதும். நோயாளியை அதில் சேர்க்காதீர்கள், அவருக்குக் குழுவை நடத்தும் வேலை வேண்டாம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல ஒருவரை மட்டும் வையுங்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்பவர்களை நோயாளிகள் பெரும்பாலும் கூப்பிடுவதே இல்லை, சங்கடப்படுவார்கள். அதனால் வேலையை நாளோடும் நேரத்தோடும் கேளுங்கள்: "வியாழன் காலை 8 மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போய், 11 மணிக்குள் கொண்டுவந்து விட முடியுமா?" இப்படிக் கேட்டால் முடியும், முடியாது என்று நேராகப் பதில் வரும். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கிடைக்குமாறு ஒருவரைப் போட்டுவிடுங்கள். அவர் படுத்துவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

ரத்தப் புற்றுநோயென்றால் பிளேட்லெட் கொடுப்பவர்களின் பட்டியல் தனியாக வேண்டும். சேகரித்த பிளேட்லெட் பொதுவாக 5 நாளுக்கு மேல் தாங்காது. ஒரே நாளில் இருபது பேரை வரவழைத்துப் பயனில்லை, வாரவாரம் வரக்கூடியவர்களைப் பிரித்து வையுங்கள்.

இனி பணம். நிதி கேட்பதற்கு முன் காப்பீடு, அரசு உதவி, மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் எல்லாவற்றையும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். விலை உயர்ந்த மருந்துக்கு ஜெனரிக்கோ (அதே மருந்து, வேறு நிறுவனம் தயாரிப்பது) பயோசிமிலரோ (உயிரணுக்களிலிருந்து தயாராகும் மருந்துக்கு நிகரான மாற்று) இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

பிறகு மருத்துவமனையிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதில் பெரும்பாலும் விட்டுப்போவது: ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், பயணம், தங்கும் செலவு, இழந்த சம்பளம், இடையில் தொற்று வந்து படுக்க நேர்ந்தால் ஆகும் செலவு. இந்தக் கடைசி ஒன்றுதான் பலரின் கணக்கைக் கவிழ்க்கிறது. மொத்தத்தில் 15 சதவீதமாவது அதற்கென்று சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத் தளத்தில் திரட்டினால் தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், பணம் கைக்கு வர ஆகும் நாட்கள் மூன்றையும் முதலிலேயே பாருங்கள்.

முழுத் தொகையையும் ஒரே இலக்காக வைத்தால் பார்ப்பவர் மலைத்துப்போவார், நோயாளியும்தான். கட்டமாக வையுங்கள். வேண்டுகோள் இவ்வளவு போதும்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 6 கீமோவில் 2 முடிந்துவிட்டது. அடுத்த இரண்டுக்கு இவ்வளவு தேவை, இவ்வளவு கையில் இருக்கிறது. மருத்துவமனையின் எஸ்டிமேட் கீழே." அடையாள எண், முகவரி, நோயாளிப் பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிட்டே ஆவணங்களைப் போடுங்கள். படம், நோயின் கட்டம், பெயர் எதுவானாலும் நோயாளி சரி என்ற பிறகுதான். முடி கொட்டிய படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டால், அவர் வெளியே முகம் காட்டவே தயங்குவார்.

பொதுவில் பகிர்வதற்கு முன் நெருங்கியவர்கள் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஏற்கெனவே கொஞ்சம் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் தெரியாதவர் கை நீட்டுவார். குழுக்களில் சுற்றும் ஃபார்வர்டை எல்லோரும் கடந்துபோவார்கள். பெயர் சொல்லி வரும் செய்திக்குப் பதில் போடுவார்கள். முடிந்தால் பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும். இல்லையென்றால் தனிக் கணக்கு தொடங்கி, வரவு செலவை இரண்டு பேர் பார்க்கட்டும். உறவினர் இருவர் தனித்தனியாகத் திரட்டினால் சந்தேகம் கிளம்பி இரண்டுமே படுத்துவிடும். மிச்சமானால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். வேண்டுகோள் வெளியானதும் அதிசய மருந்துக்காரர்களும், "பெரிய தொகை தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பவர்களும் வருவார்கள். அந்த அழைப்புகள் நோயாளியின் எண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனநிலையையும் வாரம் ஒருமுறை கேளுங்கள்: "0 முதல் 10-க்குள் இந்த வாரம் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது?" மருத்துவமனைகளிலும் இதே அளவுகோல் இருக்கிறது, 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற பேச்சு வந்தால் எண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

கடைசிக் கீமோவோடு குழு கலைந்துவிடக் கூடாது. மருத்துவமனைக்கு அடிக்கடி போவது நின்றதும் பலருக்குப் பயம் கூடும், முதல் பரிசோதனை ஸ்கேன் நெருங்கும்போது இன்னும் கூடும். அந்த ஸ்கேனுக்குக் கூட வருபவர், முடிவு வாங்கும் அன்று பக்கத்தில் உட்காருபவர் இருவரின் பெயரையும் காலண்டரில் இப்போதே எழுதிவையுங்கள்.